கை உயர்த்திய நாள்

பதுளை. 2003 கார்த்திகை, வியாழன் இரவு.

இன்று மாகாண சபையில் என் கட்சிக்கு எதிராகக் கை உயர்த்தினேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டு, சரியும் நிலையில் நிற்கிறது. மழை விடவில்லை. தன் பக்கம் வாக்களித்தால் இன்றே சனங்களை இறக்கிப் பாடசாலையில் தங்கவைப்பதாக அமைச்சர் சொன்னார். நம்பினேன்.

மாலைக்குள் கட்சி என்னை நீக்கிவிட்டது. பாடசாலையைத் திறக்கவில்லை. அமைச்சர் கொழும்புக்குப் போய்விட்டாராம்.

லயத்துக்கு ஓடினேன். எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்ட லெட்சுமி அக்கா வாசலில் நின்றார்.

"தம்பி, நீ வெல போயிட்டன்னு பேசிக்கிறாங்க. அது கெடக்கட்டும். புள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறது? அதச் சொல்லு."

"என் வீட்டுக்கு வாங்கக்கா."

லொறி பிடித்து, ஏறியவர்களை எல்லாம் கூட்டிவந்தேன். கூடத்திலும் குசினியிலும் படுத்திருக்கிறார்கள். அக்காவின் புருஷன் மட்டும் மாட்டை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார்.

அக்கா தூங்கவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. லொறிக்காரரை எழுப்பிவிட்டேன். மறுபடியும் மேலே போகிறேன்.