கிருமி என்று சொன்னேன்

செவ்வாய், ஆகஸ்ட் 1984

எண்ணெய்க் கிணறு தோண்டிய கழிவுச் சேறு சிங்கப்பூரில் எங்கள் ஜூரோங் யார்டுக்கு வருகிறது. அதிலுள்ள எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்துக்கொண்டிருந்தோம். யார்டைக் கழுவும் அந்தோணி அண்ணனிடம் நான்தான் சொன்னேன்: "தொட்டில கிருமி இருக்குண்ணே, பாத்துக்குங்க."

இன்று காலை தொட்டி முழுக்க பிளீச் வாடை.

"எல்லாக் கிருமியையும் கொன்னுட்டேன் தம்பி, இனிமே பயமில்ல லா" என்றார் பெருமையாக.

நாளை மேனேஜர் தொட்டியைப் பார்க்க வருகிறார். யார் ஊற்றியது என்று கேட்பார். அண்ணனை வேலையை விட்டே...

பிடோக் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் பள்ளியில் படித்த சொல் நினைவுக்கு வந்தது. நுண்ணுயிர். அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் கொன்றிருக்கமாட்டார். அந்தச் சொல்லுக்குள்ளேயே உயிர் இருக்கிறதே.