இருபது லீற்றருக்கு ஒரு பைக்கற்

இஞ்சேருங்கோ,

மீன்குழம்பு அடுப்பில் இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. கார்த் திறப்பை நான் கொண்டு போறன்.

உங்கட பியர் வாளி பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் காயப்போட்டிருந்த என்ர வேலைச் சட்டையெல்லாம் நனைச்சுப்போட்டுது. வேற சட்டை இல்லை. இண்டைக்கு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் பியர் மணக்க மணக்கப் போறன்.

மகன் தந்த பியர் காய்ச்சுற பெட்டிக்குள், புளிக்க வைக்கிற ஈஸ்ட் நாலு பைக்கற் இருந்தது, நாலு தரம் காய்ச்சுறதுக்கு. இருபது லீற்றருக்கு ஒரு பைக்கற் எண்டு டேனிஷில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. நீங்கள் ஒரே வாளிக்குள் மூண்டைக் கொட்டியிருக்கிறியள்.

"வாசிச்சுச் சொல்லட்டே?" எண்டு முந்தநாள் கேட்டனான். "எனக்குத் தெரியும், நீ உன்ர வேலையைப் பார்" எண்டு கதவைச் சாத்தினியள். இருபத்தாறு வருசமா இந்த வீட்டுக்கு வந்த டேனிஷ் கடிதமெல்லாம் ஆர் வாசிச்சது?

நிலத்தை நீங்களே துடையுங்கோ.

மாக்கிரட்

பி.கு.: மிச்சம் ஒரு பைக்கற் என்ர கைப்பைக்குள் இருக்கு. வீட்டுக்குள் எங்கை ஒளிச்சாலும் தேடி எடுத்துப்போடுவியள். என்னட்டை இருந்தால் பயமில்லை. என்னட்டை நீங்கள் கேட்கமாட்டியள்.