வெட்டாமல் விட்ட துணி

யுஸ்ராவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நம் மலையூர் கெஃபில் இந்த வருடம் பனி சீக்கிரமே விழுந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்குப் பழைய துணிச் சந்தையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். நீங்கள் இருக்கும் இத்தாலியில் யாரோ போட்டுக் கழித்தது.

ரமலானுக்கு முன்பே அவர் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தேன். நேற்றுப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் தொளதொளவென்று தொங்குகிறது.

"உன் தையல் சரியில்லம்மா" என்று மாமா சிரித்தார்.

"ஆமா மாமா, என் கைதான் சரியில்ல" என்றேன்.

மாமாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். அவரைத் தூக்கி உட்கார வைத்தே என் முதுகு பிடித்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை.

தையலைப் பிரித்து, பக்கங்களை இன்னும் உள்ளே பிடித்தேன். மிஞ்சிய துணி அவர் விலாவில் உறுத்துமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதம்மா. என் பையனுக்கு அகலமான உடம்பு. அப்புறமா பிரிச்சு விட்டா அவனுக்குச் சரியா இருக்கும்."

கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். துணியை உள்ளேயே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது தூங்குகிறார்.

லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த கப்பலில் வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி