கயிற்றுக்கு அந்தப் பக்கத்துத் தக்காளி

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் இருமிக்கொண்டே சொல்கிறாய், அதனால் நான் நம்பவில்லை. டாக்டரைப் பார்த்தது உண்மையானால் என்ன மருந்து கொடுத்தார் என்று பெயரோடு எழுது.

உன் அக்காவும் மாப்பிள்ளையும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறையில் இருக்கிறார்கள். அக்கா உன்னிடம் அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள், நடந்ததை நான் சொல்கிறேன். மாப்பிள்ளை தான் வேலை பார்க்கும் பயிர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாக்டீரியாவாம், நல்ல வகை மாமா, பயப்படாதீங்க என்றார். கிருமியில் என்ன நல்லது கெட்டது? நம் பசுமைக்குடிலில் கோடியில் இருக்கும் இரண்டு வரிசைத் தக்காளிக்கு வேரில் அதை ஊற்றினார், அப்புறம் ஏதோ அமிலத்தை நீர்க்கக் கலந்து இலையில் தெளித்தார். வேர்ல ஊத்தினா இலைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேர் சேதி அனுப்பும் மாமா, நாம செடிக்குச் சும்மா ஒரு பயம் காட்டுறோம், நிஜமா நோய் வரும்போது அது தயாரா இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்று அந்த வரிசைகளுக்குக் கயிறு வேறு கட்டினார். என் குடிலில் எனக்கே கயிறு! மற்ற செடிகள் என் தோளுக்கு வந்தபோது அவருடையவை இடுப்பைத் தாண்டவில்லை. கேட்டால், தெம்பையெல்லாம் இப்போ காவலுக்குச் செலவழிக்குது, அப்புறம் வளரும் என்கிறார். எதைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருப்பவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

பிறகு வாடல் நோய் வந்தது. குழாயடி வரிசையில் ஆரம்பித்தது, இலை பச்சையாக இருக்கும்போதே செடி தலை தொங்கிப்போய் நிமிரவேயில்லை, அப்படியே அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. இந்தப் பயிரை விட்டால் நமக்கு வேறு வரும்படி கிடையாது என்பது உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுவிட்டேன், நீங்க கொண்டுவந்த சீக்குதான் என் குடும்பத்துக்கு உலை வைக்குது என்று. மாப்பிள்ளை எழுந்து போய்க் கையைக் கழுவினார். அக்கா பெட்டியை எடுத்தாள்.

மாப்பிள்ளையின் செடியிலிருந்துதான் சீக்கு வந்தது என்று அவளிடம் காட்ட எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால், வாடல் கிருமி இருக்கும் செடியிலிருந்து பால்போல நூல் நூலாக இறங்கும். வாடிய செடியை வெட்டினேன், இறங்கியது. அதே கையோடு கயிற்றைத் தாண்டிப் போய் மாப்பிள்ளையின் செடியில் தடித்த கிளை ஒன்றை வெட்டி வந்தேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயிர் செத்தாலும் பரவாயில்ல, நீங்க சொன்னது சரியா இருக்கணும், அதானே என்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. பக்கக்கிளை எடுக்க நான் ஒரே கத்தியோடு குழாயடியில் ஆரம்பித்து வரிசையாகப் போவேன். வாடலும் அதே வழியில் போய்க் கயிற்றடியில் நின்றிருக்கிறது. அப்படியானால் அவர் செடி பிழைத்தது மருந்தாலா, என் கத்தி அங்கே போகாததாலா? மருந்துக்கு நல்ல பெயர் கொடுக்க நான் இன்னும் தயாரில்லை. ஆனால் வாடிய செடியை வெட்டிய கத்தியால்தானே அவர் செடியையும் வெட்டினேன், கழுவக்கூட இல்லை. அந்தச் செடிக்கு இப்போது நிஜமாகவே நோயைக் கொடுத்துவிட்டேன்.

அக்காவிடம் இதை நீ உளறிவிடாதே, நாளைக்கு நானே மாடியேறிப் போய் மாப்பிள்ளையிடம் சொல்வேன். நீ முந்திக்கொண்டால் எனக்குத் தெரிந்துவிடும். வெயில் ஏறியதும் தினமும் அந்தச் செடியிடம் போய் நிற்கிறேன். இன்றுவரை தலை தொங்கவில்லை. மாப்பிள்ளை சொன்னது உண்மையாக இருக்க வேண்டுமே என்று, அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக இப்போதுதான் வேண்டிக்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. மருந்தின் பெயரை எழுத மறக்காதே.

உன் மேல் உயிராக இருக்கும்,
அப்பா