முத்துவைப் பிடித்த கை

ஆகஸ்ட் 19, இரவு

இன்னும் கோபம் ஆறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி முருகேசன் வந்தான். என் நாய் முத்துவைத் தன் பெட்டை நாயோடு சேர்க்க நினைக்கும் ஒருவரையும் கூட்டி வந்திருந்தான். வந்தவர், மாடு வாங்குபவரைப் போல, பல்லைக் காட்டச் சொன்னார். கடைவாயில் கொஞ்சம் மஞ்சள் கறை இருந்தது.

"செத்த நேரம் பொறுங்க, வெள்ளையாக்கிருதேன்" என்று முருகேசன் உள்ளே போய் என் பற்பசையையும் பழைய பிரஷையும் எடுத்து வந்தான்.

"ஏலே, அது நாய்க்கு ஆகாதுலே. துப்பத் தெரியாம முழுங்கிரும்."

"பட்டாளத்துல எம்புட்டு நாயப் பாத்தவன் நான். நீ கழுத்தப் புடி, அக்கா."

வந்தவர் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்கக் கூசிப் பிடித்தேன். அவன் தாடையைப் பிளந்து, ஈறில் ரத்தம் வரத் தேய்த்தான். முத்து அலறியது.

மூன்று மாதமாக முத்துவைப் பல் தேய்க்கப் பழக்கியிருந்தேன். முதலில் விரலில் கோழிச்சாறு தொட்டு நக்க விட்டேன். பிறகு விரலில் துணி சுற்றித் துடைத்தேன். அதன் பிறகுதான் பிரஷும் நாய்க்கான பசையும். பள்ளியில் என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை அடித்தா பேச வைக்கிறேன்?

இருவரையும் வெளியே போகச் சொன்னேன்.

"நாய்க்காகத் தம்பிய விரட்டுதியா?" என்றான்.

"ஆமாலே."

முத்துவின் வாயைத் துடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். காலையில் கூட்டி வரச் சொன்னார்.

வழக்கமாகப் பல் தேய்க்கும் எட்டு மணிக்கு, முதல் நாள்போல் கோழிச்சாறு தொட்ட விரலை மட்டும் நீட்டினேன். முத்து முகர்ந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முருகேசனை விரட்டியாயிற்று. கழுத்தைப் பிடித்தது இந்தக் கைதானே.