மண்டபத்து மாடியில் ஒரு கட்டுப்பாட்டு அறை

ஜூன் 14

இரண்டாவது வரைபடமும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஆதிநாராயணன் சார் எழுதியிருக்கிறார்: 'ஏற்பதற்கில்லை.' எழுத்தாவது கொஞ்சம் கோணலாக இருந்திருக்கலாம். அதுவும் முத்து முத்தாக.

எங்கள் நிலையத்தின் முதல் அணு உலைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்கும் அதே வயது. முள் ஆடும் மீட்டர்கள், திருகும் சுவிட்சுகள், சுவர் நிறைய, கோளாறு வந்தால் விளக்கெரியும் அலாரச் சன்னல்கள். அதையெல்லாம் பிரித்துவிட்டுத் திரைகள் வைத்துப் புதிதாக அமைக்கும் திட்டம் என் பொறுப்பு. டிசம்பரில் உலையை நிறுத்தும்போது வேலை தொடங்க வேண்டும். அதற்கு ஆகஸ்ட் முடிவதற்குள், அந்த அறையில் வேலை பார்க்கிறவர்கள் சார்பில் ஷிப்ட் பொறுப்பாளர் ஆதிநாராயணன் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை, அதாவது இரண்டு வருடத்துக்கு, திட்டம் படுத்துவிடும். நானும்தான்.

சண்டை ஒரே விஷயத்தில். உலை திடீரென்று நின்றால் அந்தச் சுவரில் இருநூறு அலாரம் சேர்ந்து அலறும். முக்கியமான பத்தை மட்டும் காட்டிவிட்டு மற்றதைக் கணினி அமுக்கி வைக்கட்டும் என்கிறேன் நான். "நான் எதைப் பாக்கணும், எதைப் பாக்கக் கூடாதுன்னு ஒரு பொட்டி முடிவு பண்ணுமாம்மா?" என்கிறார் அவர்.

அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 15

பல் துலக்கும்போது ஒரு யோசனை. வாய் நுரையோடு சிரித்து, சட்டையெல்லாம் பாழ்.

ஜூன் 17

யோசனை இதுதான். படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பெண் பார்க்கப் போகிறவன்கூட போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுச் சரி சொல்வதில்லை. புதிய அறையை முழு அளவில் பிளைவுட்டில் செய்துவிடுவது. உட்காரட்டும், எழுந்து நடக்கட்டும், கையை நீட்டிப் பார்க்கட்டும்.

நிலையத்துக்குள் தச்சர்களுக்கு அனுமதி வாங்குவதற்குள் அவர்கள் தாடி நரைத்துவிடும். ஆலங்காயத்தில் என் தம்பி சின்னராஜ் மரப்பட்டறை வைத்திருக்கிறானே! திட்டத் தலைவர் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார், பிறகு சரி என்றார். ஒரு நிபந்தனை: அளவுகள் வெளியே போகலாம், கருவிகளின் உண்மைப் பெயர் ஒன்றுகூடப் போகக் கூடாது.

ஜூலை 6, ஆலங்காயம்

பட்டறை முழுக்க மரத்தூள், நடுவில் என் அறை எலும்புக்கூடாக நிற்கிறது. சுற்றிச் சுற்றி வந்தேன். நாற்காலி வந்து சேரவில்லை, அதனால் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஓர் உலையையே இயக்கினேன்.

பொய்ப் பெயர்கள் வைத்தாயிற்று. எல்லாம் நம் ஊர்கள். புதூர்நாடு ஒரு வால்வு, வாணியம்பாடி ஒரு தொட்டி. இருப்பதிலேயே பெரிய பம்புக்குக் கண்ணமங்கலம். ஆதிநாராயணன் சார் கண்ணமங்கலத்துக்காரர். காக்கா பிடிப்பதென்றால் இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

பழைய சுவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட, அலாரச் சன்னல்களுக்காகப் பலகையில் துளை போட்டுப் போட்டுச் சின்னராஜுக்குக் கை மரத்துவிட்டது. "யக்கா, எலி கூட இத்தினி ஓட்டை போடாது" என்றான். அம்மா சாப்பாடு கொண்டுவந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, வூட்டுக்கு ஷோகேஸா?"

"கரண்ட் உற்பத்தி பண்ற எடம்மா."

"ஒரு ஒயரைக்கூடக் காணோமே."

அம்மாவைத் தரப் பரிசோதனைக் குழுவில் சேர்க்கலாம்.

ஜூலை 29

ராத்திரி மழையில் பட்டறைக் கூரை ஒழுகி, இரண்டு பலகை ஊறிப்போய் அப்பளமாக உப்பிவிட்டது. சின்னராஜ் போனில் சொன்னதும் அவனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அவனே, தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்து மாடிக் கூடத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டதாகச் சொன்னான். நனையாத இடம், மின்விசிறி உண்டு. என் தம்பி தங்கம்.

ஆகஸ்ட் 11

வருகிறார்! ஆதிநாராயணன் சாரும் அவர் ஷிப்ட்டில் ஆறு பேரும். ஆறு பேரை மலை காட்டி மயக்கினேன்: வேலை முடிந்ததும் ஜீப்பில் புதூர்நாடு, அங்கே பலாப்பழம். பலாச் சீசன் முடிந்துவிட்டது என்பதை மலை மேல் போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

அவரை மயக்க முடியவில்லை. பந்தயம் கட்டுகிறார். "மொதல்ல பழைய முறை. அத்தனை அலாரத்தையும் ஒண்ணா காட்டு. நான் முக்கியமானது ஒண்ணே ஒண்ணு விட்டாலும் உன் டிசைனுக்குச் சரின்றேன். விடலன்னா, இத்தோட நீ விட்டுரணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? அந்தச் சுவர் அவருக்கு மனப்பாடம். ஒன்றையும் விட மாட்டார். இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

ஆகஸ்ட் 27, ஆலங்காயம்

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனால் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு முகூர்த்தம். கீழே கல்யாணம்.

ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து நாள் குறித்தேனே தவிர, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கவில்லை. ஆவணி மாதத்தில் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும் என்று நினைத்த தமிழச்சி உலகத்திலேயே நான் ஒருத்திதான். சின்னராஜ் அசரவில்லை. "நீ மாடிதான கேட்ட? கீழ கல்யாணம்னா உனுக்கு இன்னா?"

இன்னாவா? எல்லாம் போச்சுடா. பந்தயம் போச்சு, திட்டம் போச்சு, மானமும் போச்சு.

ஆகஸ்ட் 28

எப்படி எழுதுவேன்? வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு வேன் வந்தது. வாசலில் நின்ற கல்யாண வீட்டுப் பெண்கள் எங்கள் எல்லோர் மேலும் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துவிட்டார்கள். ஆதிநாராயணன் சார் நெற்றியில் சந்தனத்தோடு மாடி ஏறினார். அறையைப் பார்த்தார். சுற்றி நடந்தார். பெரிய பம்பின் பெயரைப் படித்தார்.

"என் ஊர் பேர வெச்சா கையெழுத்து போட்டுருவேன்னு நெனச்சியாம்மா?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒத்திகை தொடங்கியது. பட்டறை ஆட்கள் பலகைக்குப் பின்னால் நின்று துளை வழியாக அட்டைகளை நீட்ட வேண்டும். ஒவ்வோர் அட்டையும் ஓர் அலாரம். மணிக்குப் பதில் சின்னராஜ் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தான். இடக்கோடிச் சுவரைத் தேவி பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் ஷிப்ட்டில் இளையவள், நல்ல குரல். மற்றதெல்லாம் அவர் பொறுப்பு.

அட்டைகள் குபுகுபுவென்று வந்தன. பெயர்தான் பொய், இடமெல்லாம் பழைய இடம்; மனிதர் அசரவில்லை. புதூர்நாட்டை மூடினார், வாணியம்பாடியை நிரப்பினார். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கீழே தாலி கட்டினார்கள்.

கெட்டிமேளம். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், மண்டபமே அதிர்ந்தது. அதே நேரத்தில் இடக்கோடியில் அட்டை: கண்ணமங்கலம் நின்றுவிட்டது. தேவி கத்தினாள். கையை ஆட்டினாள். திரும்பவும் கத்தினாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலக்கோடியில் ஏதோ ஓர் உப்புப் பெறாத வால்வைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேளம் அடங்கி அவர் திரும்பியபோது தேவிக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், மூணு தரம் சொன்னேன் சார். பெரிய பம்பு நின்னு ரொம்ப நேரமாச்சு."

கூட வந்த ஒருவர், "மேளத்தால வந்தது சார், இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றார். நானும் அதையே சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். இப்படி ஜெயித்தால் ஜெயித்தது மாதிரியா?

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் இறங்கிவிட்டிருந்தது.

"வேணாம். இங்க மேளம், அங்க மணி. வித்தியாசம் ஒண்ணுமில்ல. தாலி கட்டும்போது எதுக்கும்மா கெட்டிமேளம்? ஒரு தும்மல், ஒரு கெட்ட வார்த்தை காதுல விழுந்துரக் கூடாதுன்னு. நமக்கு அந்தக் கெட்ட வார்த்தைதான மொதல்ல விழணும்? நான் முப்பது வருசமா மேளத்துக்குள்ளயே ஒக்காந்துனு இருந்திருக்கேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் கல்யாண வீட்டார் மாடிக்கு வந்துவிட்டார்கள். போட்டோக்காரர் என் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்து, "செட்டு சூப்பரா கீதுங்க, வரவேற்புக்கா?" என்றார். ஆதிநாராயணன் சார் எழுந்து தன் நாற்காலியில் மாப்பிள்ளையை உட்காரவைத்தார். பெண் கண்ணமங்கலத்தின் மேல் கையை வைத்துச் சிரித்தாள். பத்துப் படம் எடுத்தார்கள். எங்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. ஜீப்பில் மலை ஏறும்போது நான் பாடினேன் என்று தேவி சொல்கிறாள். இருக்கலாம்.

ஆகஸ்ட் 29

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

ஆகஸ்ட் 30

வாக்கு மாறுகிறாரே! 'ஏற்கிறேன்' என்று எழுதி, அடியில் ஒரு வரி: 'எதையும் மறைக்கக் கூடாது.' நேரே போய்க் கேட்டேன். பந்தயம் என்ன ஆச்சு, தோத்தவர் நிபந்தனை போடலாமா?

"சத்தம் போடாத. ஆனா ஒளிச்சும் வெக்காத. பத்துக்கு மட்டும் குரல் குடு. மத்ததெல்லாம் ஓரமா ஒரு திரையில சும்மா ஓடினு இருக்கட்டும். வேணும்போது நான் பாத்துக்கறேன்."

விறைப்பாக வெளியே வந்தேன். மாடிப்படி இறங்குவதற்குள் கோபம் போய்விட்டது. அவர் சொன்னது என் வடிவமைப்பைவிட நல்லது. பிடித்தும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

டிசம்பர் 18

பழைய சுவரைப் பிரித்தார்கள். சார் அரை நாள் நின்று பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஜனவரி 23

மூன்று திரைகள் எரியவில்லை. கேபிள் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். எல்லோரையும் திட்டினேன், பிறகு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 26

உலையை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் சோதனை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அலாரம் ஆறுதான் குரல் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சார் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். தேவி சாதாரணக் குரலில் பேசினாள், அவருக்குக் கேட்டது. ஓரத்திரையில் மற்றவை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே வந்து தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குதித்தேன். கேமரா இருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 20

இரண்டாவது உலைக்கும் இதே வேலை வந்திருக்கிறது. இன்று முதல் கூட்டம். அங்கே ஷிப்ட் பொறுப்பாளர் கோபால்சாமி சார். நான் ஒரு கட்டுப் படங்களோடு, வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். முதல் படத்திலேயே அவர் கையைத் தூக்கினார்.

"எதுக்குச் சத்தம் வரணும், எதுக்கு வரக் கூடாதுன்னு மிஷின் முடிவு பண்ணுமா?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த ஆதிநாராயணன் சார் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நீ இரு என்கிற மாதிரி.

"மிஷின் இல்ல கோபால், நாங்க முடிவு பண்ணோம். ஒக்காந்து ஒவ்வொண்ணா. எங்க டிசைன் எப்படின்னு சொல்றேன், கேளு" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்க டிசைன்! அரை மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. கோபால்சாமி சார் ஆட்சேபம் சொல்லச் சொல்ல இவர் பதில் சொன்னார், மேசையில் விரலால் படம் போட்டுக் காட்டினார், என் படக்கட்டை என்னைக் கேட்காமலே இழுத்து எடுத்துக்கொண்டார்.

நடுவில் காபி வந்தது. எனக்கு வேறு வேலை இல்லை, குடித்தேன். நான் கலந்துகொண்ட கூட்டங்களில் சூடாகக் காபி குடித்தது இதுதான் முதல் தடவை.