கண்டல் காட்டை வெட்டிய பரிதிவேளுக்கு அரசி விடுத்த ஆணை

கடலும் கழியும் காவலாய்ச் சூழ்ந்த செருந்தி நாட்டை ஆளும் எழினி நாச்சியார், கீழைக்கரை அதிகாரி பரிதிவேளுக்கு விடுக்கும் ஓலை. அக்கரையின் குடிகள் வாழ்க; அவர்தம் வலைகள் நிறைக. உமக்கும் நலம் கூறி எழுதுவதே மரபு. எழுதப் புகுந்த ஓலைநாயகரை நாமே தடுத்தோம்.

ஆண்டுக்கு ஆண்டு கடல் ஏறி வருவதை அறிந்தே எம் தந்தையார், சேற்றில் வேரூன்றி அலையைத் தடுக்கும் கரையோரக் கண்டல் மரங்களில் ஒரு கிளையும் முறியலாகாது என்று ஆணையிட்டிருந்தார். நீரோ, உம் புது மாளிகையிலிருந்து கடல் தெரியவில்லை என்பதற்காக மீனவர் ஊராகிய திரைப்பாடியின் கண்டல் காடு முழுவதையும் வெட்டினீர். முறையிட வந்த மீனவரிடம், கொசு மண்டிய சேற்றுக்கா அழுகிறீர்கள் என்று நகைத்தீர். மரம் நின்ற இடத்தில் கல்மதில் எழுப்பி, அதில் உம் பெயரையும் பொறித்தீர்.

ஐப்பசிப் புயலில் அம்மதில் ஒரு நாழிகையும் நிற்கவில்லை. அலை பெயர்த்த கற்களே வீடுகளை இடித்தன. இருபத்து மூவர் மாண்டனர். நீர் எமக்கு எழுதியதோ, கடல் சற்றே சினந்தது, குடிகள் நலம் என்பது.

நேரில் வந்தோம். எமக்கு விருந்து வைத்தீர். உம் சாளரத்தின் வழியே, தேங்கிய உப்புநீரில் ஒரு வெற்றுத் தொட்டில் மிதக்கக் கண்டோம். நீரும் கண்டீர், கண்டும் இறால் வறுவலின் பக்குவத்தையே பேசிக்கொண்டிருந்தீர். இலையை மூடிவிட்டு எழுந்தோம்.

அடுத்த ஊராகிய கழிக்குடிக்கு நடந்தோம். அங்கே வெள்ளம் கணுக்கால் அளவே வந்தது. ஒரு கூரையும் பறக்கவில்லை. நண்டு பிடித்து வாழும் கொற்றி என்பவள், அவ்வூர்க் கண்டலையும் வெட்ட நீர் ஏவிய கோடரியாட்களிடம், உங்கள் பிள்ளைகளும் இந்தக் கரையில்தானே தூங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டாளாம். அவர்கள் வெட்டாமல் திரும்பினராம். என்ன பரிசு வேண்டும் என்று வினவினோம். எனக்கொன்றும் வேண்டாம், பிழைத்தவர்களுக்குக் கூரை கொடுங்கள், நடுவதற்குக் கண்டல் காய்களை நான் தருகிறேன், வெட்டச் சொன்னவர் வந்து நடட்டும் என்றாள்.

ஆதலால் ஆணையிடுகிறோம். உம் மாளிகை இன்றுமுதல் திரைப்பாடியாரின் வீடு. மதிலின் கற்களை அகற்றி, அலை வந்து தணியும் சேற்றில் கண்டலும், மேட்டு மணலில் தாழையும் நீரே நடுக. அக்கரையில் இனிக் கொற்றியின் சொல்லே எம் சொல். கன்றுகள் உம் தோளுயரம் வளரும்வரை தலைநகரின் வாயில் உமக்குத் திறவாது.

இவ்வோலையைக் குடிகள் முன் நீரே உரக்கப் படித்து முடித்து, அப்பொழுதே சேற்றில் இறங்குக. காலணியைக் கரையில் விட்டுச் செல்க. சேறு அதிகாரியின் கால் என்று பாராது.

சுறா முத்திரை இட்டோம். இது எம் கையெழுத்து.